மொட்டை மாடி நிறைந்துவிட்டது: பழைய மலை சைக்கிள்களில் எதை வைப்பது, எதை அனுப்புவது?

ஜூன் 3 (வாசகர் கேள்வி)

1985 முதல் 1995 வரை வந்த மலை சைக்கிள்கள் என்னிடம் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டன. சென்னையில் இவற்றுக்கு இடம் இல்லை. நல்ல விலை போகும் நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கழற்றி உதிரி பாகங்களாக விற்று, ஃப்ரேம்களைக் காயலான் கடையில் போட்டுவிடுவதுதானே முறை?

ஜூன் 3, இரவு

அது முறையல்ல. நானும் இப்போது இதே வேலையில்தான் இருக்கிறேன், அதனால் பதில் நீளும். திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிக்கு ஐப்பசி மழைக்கு முன் புதுத் தளம் போடப்போகிறார்கள். என் தகரக் கொட்டகை அதற்குள் காலியாக வேண்டும். உள்ளே சுவரோடு சுவராக சைக்கிள்கள். கீழே என் வீட்டுக்குள் ஒரு சுவரில் தொங்குகிற அளவுக்குத்தான் இனி வைத்துக்கொள்ள முடியும்.

விலையை அளவுகோலாக வைத்தால் முதல் நாளே தடுமாறுவீர்கள். ஜப்பானில் டாங்கே என்ற நிறுவனத்தின் குழாயில் செய்த ஒரு ஃப்ரேமுக்கு அமெரிக்காவில் ஆசைப்பட்டு விலை கொடுப்பார்கள். அதே ஃப்ரேமை இங்கிருந்து பெட்டி கட்டி அங்கே அனுப்புகிற செலவில் அந்த விலை கரைந்துபோகும். ஆகவே உங்களிடம் இருப்பது காகித விலை. நான் கேட்டுக்கொள்கிற கேள்வி வேறு: அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு இந்தச் சைக்கிளை ஓடுகிற நிலையில் என்னால் வைத்திருக்க முடியுமா? முடியாது என்றால், அது எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் முடிந்தவரிடம் போகட்டும்.

ஜூன் 5

"தொங்கவிட்டால் என்ன கெட்டுப்போகிறது?" என்று ஒருவர் கேட்கிறார். எங்கள் தெருவிலிருந்து கடற்கரை நடை தூரம். மதியத்துக்குப் பிறகு வீசுகிற கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படியவைக்கிறது. இரவின் ஈரம் அதைக் கரைத்துக் குழாய்க்குள் இறக்குகிறது. ஓட்டிக்கொண்டிருக்கிற சைக்கிளை நாம் துடைக்கிறோம், எண்ணெய் விடுகிறோம். ஓட்டாத சைக்கிள் யாரும் பார்க்காமலே உள்ளிருந்து அரிக்கப்படுகிறது.

முதல் பலி சீட் கம்பி. ஃப்ரேம் இரும்பு, சீட் கம்பி அலுமினியம். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் இருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிக்கும். கம்பி குழாய்க்குள் வார்த்துவைத்தது மாதிரி இறுகிவிடும். வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "சீட் ஏறி இறங்குகிறதா?" என்பதுதான். விற்கிறவர் விளம்பரத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

ஜூன் 6

சூடு காட்டினால் சீட் கம்பி வந்துவிடும் என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் பிடி இன்னும் இறுகும், பெயின்டும் கருகும். எதிர்த் திசையில் போங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சை (ஃப்ரேமின் அடியில் இரண்டு கிராங்குகளையும் இணைக்கும் அச்சு) கழற்றிவிட்டு, அந்த வழியாக ஊடுருவும் எண்ணெயை ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு பொடித்த ஐஸை அந்த உள்ளீடற்ற கம்பிக்குள் அடையுங்கள். அலுமினியம் அதிகம் சுருங்கும். கம்பியின் தலையைப் பெரிய வைஸில் பிடித்து ஃப்ரேமையே நெம்புகோலாக்கித் திருப்புங்கள். என் கொட்டகையில் பிடிவாதமாக இருந்த ஒரு ஸ்பெஷலைஸ்டு ராக்ஹாப்பர் சைக்கிள் இப்படித்தான் மனமிரங்கியது.

ஜூன் 6, பிற்பகல்

கழற்றி விற்பது பற்றி. ஷிமானோ நிறுவனத்தின் ஒரு டியோர் எக்ஸ்டி கியர் மாற்றி தனியாக எளிதில் விலைபோகும், உண்மை. ஆனால் அதை எடுத்த பிறகு மிஞ்சுகிற சைக்கிள் யாருக்கும் வேண்டாததாகிவிடும். முழு சைக்கிளாக நிற்கும்வரைதான் யாராவது ஏறி ஓட்டிப் பார்த்து, பிடித்துப்போய் எடுத்துச்செல்வார்கள். ஃப்ரேம் விரிசல் விட்டிருந்தால் மட்டுமே கழற்றுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 9

எதை ஓடும் நிலையில் வைக்க முடியும் என்பதைச் சென்னைக் கடைகள்தான் முடிவு செய்கின்றன. இதை யாரும் விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை, எனவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பின் சக்கரத்தைப் பாருங்கள். எண்பதுகளின் மலை சைக்கிள்களில் பெரும்பாலானவை மறை போட்ட ஹப் உள்ளவை. ஃப்ரீவீல் அதன்மேல் திருகி ஏறும். அந்த மறை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 இழை. நம் ஊர் சாதாரண சைக்கிளின் ஒற்றை ஃப்ரீவீலும் அதே மறைதான். இரண்டுக்கும் பிரிட்டிஷ் காலத்து அளவே மூலம். எனவே ஏழு பல் சக்கரம் உள்ள மலிவான ஃப்ரீவீல் கிடைக்காத நாளில், தெருமுனைக் கடையில் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீவீலைத் திருகிவிட்டு, சங்கிலியைக் குறைத்து, கியர் இல்லாத சைக்கிளாகவே ஓட்டலாம். பின் அச்சில் வாஷர்களை இடம் மாற்றிச் சங்கிலியை நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தைப் புதிதாக நடுவில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பின் சக்கரம் உட்காரும் பள்ளம் கிடைவாட்டில் இருந்தால் சங்கிலியை இழுத்து இறுக்கலாம். நேர்க்குத்தாக இருந்தால் பழைய கியர் மாற்றியையே சங்கிலி இழுப்பானாக விட்டுவிடுங்கள்.

அடுத்து ஷிமானோவின் பழைய யூனிகிளைடு கேசட், அதாவது பின் ஹப்பில் செருகும் பல் சக்கரக் கொத்து. இதில் கடைசிச் சிறிய பல் சக்கரமே மறையில் திருகி ஏறி மற்றவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. ஷிமானோ 1989 முதல் ஹைப்பர்கிளைடு என்ற புது வகைக்கு மாறிவிட்டது. அந்தச் சிறிய சக்கரம் தேய்ந்தால் பாரிமுனைப் பக்கம் முழுக்க அலைந்தாலும் மாற்று கிடைக்காது. அப்படிப்பட்ட சைக்கிள் என் சுவரில் இருக்கக் கூடாது, வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைக்கும் பொறுமை உள்ளவரிடம் இருக்க வேண்டும்.

பால்ரஸ் குண்டுகளில் கவலையே இல்லை. பின் ஹப்புக்கும் பெடல் அச்சுக்கும் கால் அங்குலம், முன் ஹப்புக்கு 3/16 அங்குலம், எல்லாம் உள்ளூரில் கிடைக்கும். இந்த விஷயத்தில் பழைய மலை சைக்கிள் இன்றைய சைக்கிளைவிட நம் மெக்கானிக்குகளுக்கு நெருக்கமானது. எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி, சத்தத்தை வைத்தே கோட்டம் எடுப்பார். டாங்கே என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. ஃப்ரேமைத் தூக்கிப் பார்த்து, விரலால் தட்டி, "இது நல்ல குழாய் சார், இதைக் கொடுத்துவிடாதீர்கள்" என்றார்.

ஜூன் 10

டயர் பற்றிக் கேட்ட தம்பிக்கு: "26 அங்குலம்" என்று மட்டும் சொல்லிக் கடையில் நிற்காதீர்கள். நம் ஊர்ப் பழைய சைக்கிளின் 26 x 1 3/8 டயர் 590 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கு. மலை சைக்கிளின் 26 x 1.95 டயர் 559 மி.மீ. ரிம்முக்கு. இரண்டும் 26தான், ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 37-590 அல்லது 50-559 என்பதுபோல் சிறிய எண் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

ஜூன் 16

மலை சைக்கிளுக்கு ஏன் 559 என்று கேட்டிருந்தீர்கள். பதில் கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில் இருக்கிறது. எழுபதுகளில் டமல்பைஸ் மலைப் பக்கத்து இளைஞர்கள் 1930, 40களின் ஷ்வின் எக்செல்சியர் போன்ற பருத்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, மண்பாதைகளில் இறங்கினார்கள். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் அருகே ரீபேக் என்ற பந்தயம் தொடங்கியது. மூன்றரை கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். நம் பரங்கிமலை மொத்தமே ஏறத்தாழ 90 மீட்டர்தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக்கில் கிரீஸ் வெந்து புகையாகிவிடும். கீழே வந்ததும் ஹப்பைத் திறந்து புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும், பந்தயத்தின் பெயரும் அதனால்தான். அந்தப் பழைய சைக்கிள்களின் டயர் அளவே மலை சைக்கிளின் அளவாக நிலைத்துவிட்டது.

1977இல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே ஒரு ஃப்ரேமைச் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சி செய்த ஃப்ரேம்களோடு கடை தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்வித்து விற்ற ஸ்டம்ப்ஜம்பரோடு மலை சைக்கிள் ஊர் ஊராகப் பரவியது.

இதை எழுதும்போது ஒன்று உறைக்கிறது. தேவைக்கு மேல் கிடந்த பழைய சைக்கிள்களை யாரோ குறைந்த விலைக்குக் கைமாற்றிக் கொடுத்ததால்தான் இந்த வகையே பிறந்தது. கொட்டகைக்குள் பூட்டிவைத்திருந்தால் பிறந்திருக்காது.

ஜூன் 22

அதிர்ச்சியைத் தாங்கும் முன் ஃபோர்க்குகள். ராக்‌ஷாக்ஸ் 1989இல் தொடங்கிவைத்தது, தொண்ணூறுகளின் நடுவில் எல்லாரும் கேட்டார்கள். பல ஃபோர்க்குகளுக்குள் இருப்பது எலாஸ்டோமர் என்ற ரப்பர் போன்ற உருளைகள். பழசானால் அவை பிசுபிசுத்துக் கூழாகும் அல்லது கல்லாகும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அவை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. நான் திறந்த ஒன்றில் உருளையைக் கரண்டியால் வழித்து எடுத்தேன்.

அப்படிப்பட்ட சைக்கிளைத் தள்ளிவிடாதீர்கள், அசையாத இரும்பு ஃபோர்க்காக மாற்றுங்கள். முதலில் ஃபோர்க்கின் கழுத்து அளவைப் பாருங்கள்: 1 அங்குலமா, 1 1/8 அங்குலமா என்று. 1 1/4 என்று ஒரு அளவும் கொஞ்ச காலம் இருந்தது. அது உங்களிடம் இருந்தால் கொடுப்பவற்றின் வரிசையில் முதலில் நிறுத்துங்கள்.

ஜூன் 23

ரேபிட்ஃபயர் கியர் லிவர் அழுத்தினால் பிடிக்காமல் வழுக்குகிறதா? தூக்கிப்போடாதீர்கள். உள்ளே கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கும். மண்ணெண்ணெய் கிடைத்தால் ஊறவைத்துக் கழுவுங்கள், காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஜூன் 30

முதல் பதிலில் சொன்ன அளவுகோலை இப்போது மாற்றிக்கொள்கிறேன், அல்லது அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன்.

கொட்டகையின் கடைசியில் ஒரு ஹெர்குலிஸ் எம்டிபியும் ஒரு ஹீரோ ரேஞ்சரும் நிற்கின்றன. கியர் கிடையாது, கனமான சாதா இரும்புக் குழாய், கண்ணைப் பறிக்கும் ஸ்டிக்கர்கள். முதலில் போகவேண்டியவை என்று இவற்றைத்தான் மனத்தில் குறித்திருந்தேன். நேற்று கீழே இறக்கித் துடைத்தபோது அண்டை வீட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜப்பான் ஃப்ரேம்களை இறக்கியபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிளஸ் ஒன் சேர்ந்ததும் அப்பா வாங்கித்தந்தது, டியூஷனுக்கு மூன்று பேர் ஏறிப்போனது, பள்ளி வாசலில் முன் சக்கரத்தைத் தூக்கிக் காட்டியது என்று ஆளுக்கு ஒரு கதை. மாடி வீட்டு அக்கா தன் தம்பியின் ரேஞ்சரில் ஒளித்து ஒளித்து ஓட்டப் பழகியதைச் சொன்னார்.

பிறகு யோசித்தேன். ஸ்டம்ப்ஜம்பர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. அதைப் பாதுகாக்க உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 1949இல் தொடங்கிய நம் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் எம்டிபியை யார் பாதுகாக்கிறார்கள்? தேயும்வரை ஓட்டினார்கள், பிறகு காயலான் கடைக்குக் கிலோ கணக்கில் போட்டார்கள். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டின் தெருத்தெருவாக நின்ற சைக்கிள், தொழிற்சாலையிலிருந்து வந்த பெயின்டோடு இன்று தேடினால் எத்தனை கிடைக்கும்? நம் ஊர் மலை சைக்கிளின் வரலாறு இதுதான். மலையே ஏறாத மலை சைக்கிள், ஆனால் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கடற்கரைக்கும் கொண்டுபோனது. இந்த இரண்டும் என் சுவரில் இருக்கும்.

கேள்வி கேட்டவரே, உங்களிடம் இந்திய சைக்கிள் ஏதேனும் இருந்தால் அதைத் தொடுவதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ஜூலை 4

வெள்ளத்தில் நின்ற சைக்கிளை வாங்கலாமா என்று ஒரு கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அடித்தள வாகன நிறுத்துமிடங்களில் மூழ்கிய சைக்கிள்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. வெளியே பளபளவென்று கழுவியிருப்பார்கள். ஃப்ரேம் குழாய்கள் சேரும் இடங்களில், பற்றவைக்கும்போது காற்று வெளியேற விட்ட சிறு துளைகள் இருக்கும். தண்ணீர் அந்த வழியாக ஒரு குழாயிலிருந்து மற்றொன்றுக்குப் போய்த் தங்கிவிடும். சீட் கம்பியை உருவி, ஃப்ரேமைக் கவிழ்த்து ஆட்டுங்கள். துருப்பொடி கொட்டினால் பெடல் அச்சையும் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கீழ்க் குழாய்களை நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால் அங்கே சுவர் மெலிந்திருக்கலாம். மேல்துரு மட்டும்தான் என்றால் காயவைத்து, உள்ளே ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, எல்லாப் பக்கமும் உருட்டி வடியவிடுங்கள். அது படலமாக உறைந்து காற்றைத் தடுக்கும்.

குழாய் மெலிந்த ஃப்ரேமை யாருக்கும் இலவசமாகக்கூடக் கொடுக்காதீர்கள். இறக்கத்தில் உடைந்தால் ஓட்டுகிறவர் கீழே விழுவார்.

ஜூலை 13

யாருக்குக் கொடுப்பது என்பதுதான் எதைக் கொடுப்பது என்பதைவிடக் கடினமாக இருக்கிறது.

அனாதை இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் முன்னால் மூன்று, பின்னால் ஆறு பல் சக்கரம் உள்ள நாற்பது வயது சைக்கிளைப் பராமரிப்பது அங்கே யாருடைய வேலையாகும்? கியர் கேபிள் அறுந்த அன்றைக்கு அது மூலையில் சாயும். ஜூன் 9இல் சொன்ன ஒற்றை ஃப்ரீவீல் வேலையை முடித்து, புது டயர், புதுப் பிரேக் கட்டை போட்டுக் கொடுங்கள். எங்கள் குடியிருப்பின் காவலாளி அண்ணன் அப்படி மாற்றிய ஒரு மடி ஃபாக்ஸ் (Muddy Fox) சைக்கிளில்தான் இப்போது தரமணியிலிருந்து வருகிறார். பங்சர் என்றால் எந்தக் கடையிலும் நிறுத்தலாம் என்பதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது.

கியரோடு நன்றாக இருப்பவை மலைப்பக்கம் போகட்டும். சென்னையில் அந்த முன் சிறிய பல் சக்கரத்துக்கு வேலையே கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை போய்வந்தாலும் ஏறுவதற்கென்று இருப்பது பாலங்கள்தான். நான் ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் பிரிட்ஜ்ஸ்டோன் எம்பி-3இல் ஏறியபோதுதான் அந்தச் சைக்கிள் எதற்காகச் செய்யப்பட்டது என்று என் கால்களுக்குப் புரிந்தது. அது குன்னூரில் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓட்டும் ஒரு பெண்ணுக்குப் போகிறது. அவருடைய உயரத்துக்கு ஃப்ரேம் சரியாக இருக்கிறது, கடற்காற்றும் அங்கே இல்லை. கொடுக்க மனம் வராமல் இருந்த சைக்கிள் அதுதான். அவர் அனுப்பிய பாதையின் படத்தைப் பார்த்த பிறகு தயக்கம் போய்விட்டது.

ஜூலை 14

ரயில் பார்சல் பற்றி: பெடல்களைக் கழற்றுங்கள், ஹேண்டில்பாரைத் திருப்பி ஃப்ரேமோடு கட்டுங்கள், பின் கியர் மாற்றியைக் கழற்றி உள்பக்கமாகச் சுற்றிவையுங்கள், முழுவதையும் கோணியால் சுற்றித் தைத்துவிடுங்கள். பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஃப்ரேமின் வால் வளைந்து வருவதுதான் அதிகம் நடக்கும் சேதம். இடது பெடல் எதிர்த் திசையில் கழலும் என்பதை ஞாபகம் வையுங்கள், மறை போனால் கிராங்க் போயிற்று.

ஜூலை 28

எவ்வளவு கேட்பது என்று பலர் கேட்கிறீர்கள். புது டயர், டியூப், பிரேக் கட்டை, கேபிள், ஓவராலிங் ஆகியவற்றுக்கு நான் செலவழித்ததை மட்டும் கேட்கிறேன். ஃப்ரேமுக்கு விலை போடவில்லை. இரண்டு நிபந்தனைகள் உண்டு: நேரில் வந்து தெருவில் ஓட்டிப் பார்க்க வேண்டும், வேண்டாம் என்று ஆகும் நாளில் கழற்றி விற்காமல் முழுசாக இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். இரண்டாவதை யாரும் கண்காணிக்க முடியாது. இதுவரை வந்தவர்கள் முகம் பார்த்துச் சொன்னார்கள், நம்புகிறேன்.

சுவருக்கு முடிவானவை: ஹெர்குலிஸ், ரேஞ்சர், நான் தினமும் ஓட்டும் ராக்ஹாப்பர், மறை போட்ட ஹப் உள்ள ஒரு பழைய டிரெக். என்னிடமிருந்த ஸ்டம்ப்ஜம்பர் பெங்களூருக்குப் போய்விட்டது. அதை வாங்கியவரிடம் யூனிகிளைடு பல் சக்கரங்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

மீதி இருப்பது ராலே மேவரிக் ஒன்றுதான். பெரிய ஃப்ரேம், ஆறடியைத் தொடும் உயரம் உள்ளவருக்குச் சரியாக இருக்கும். முன் பிரேக் கட்டை மட்டும் மாற்ற வேண்டும், வாங்கி வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு வாருங்கள், நடுவில் மாடியில் நிற்க முடியாது.